அரிசி சுமந்தவர்

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழைக்குப் பக்கத்தில். கேப்டன் லட்சுமியின் தாய்வழிக் குடும்பமான வடக்கத்து வீடு அங்கேதான். எம்.டி. வாசுதேவன் நாயரின் கூடல்லூரும் அதே பஞ்சாயத்தில் அடக்கம். இன்னொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து மூணாறு போகும் சாலையில், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே. முதலாவதில் பிறந்தேன். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இரண்டாவதில் இருபத்தெட்டு வருடங்களாக ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு ஊர்களின் பெயரிலும் ஆனை இருப்பதை நான் ஒருபோதும் யோசித்துப் பார்த்ததில்லை. ஒரு தொலைக்காட்சித் தொடர்தான் யோசிக்க வைத்தது.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே மலை சரிந்தால் கம்பம் பள்ளத்தாக்கு. விடியுமுன் ஜீப்புகளில் ஆட்கள் காய் எடுக்க ஏறி வருவார்கள். மாலையில் இறங்கிப் போவார்கள். எடுத்த பச்சைக்காய் அன்றிரவே ஸ்டோருக்குப் போகும். அடுப்பில் விறகு எரிய வேண்டும். சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஐந்து கிலோ பச்சைக்காய் வாடி வதங்கி ஒரு கிலோ ஆகிறவரை யாராவது ஒருவர் தூங்காமல் இருந்தாக வேண்டும். தூங்காமல் இருக்கக் கதையைவிட நல்ல வழி இல்லை.

1990களின் பிற்பகுதியில் நான் இங்கே வந்து சேர்ந்தபோது சன் டிவியில் ‘மர்ம தேசம்’ வந்துகொண்டிருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ பகுதி ஓடிய வாரங்களில் ஸ்டோரில் வேறு பேச்சே இல்லை. குதிரையில் வருவது சாமியா, மனிதனா? மனிதனென்றால் யார்? வாரம் ஒரு முறைதான் படம். மீதி ஆறு நாளும் விசாரணை. ஆளுக்கு ஒரு குற்றவாளியை வைத்திருந்தோம். டீக்கடை சேட்டன் மட்டும் வாராவாரம் கட்சி மாறுவார்.

இப்போது வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஏலக்காய் மூட்டைமேல் கைபேசியைச் சாய்த்து வைத்தால் விடிவதற்குள் பாதித் தொடர் முடிந்துவிடுகிறது. ஆனால் பேச்சு குறையவில்லை. ‘த்ரிஷ்யம்’ படம் 2013ல் வந்தபோது, எங்கள் மாவட்டத்துக் கேபிள்காரன் ஒருவன் பார்த்த சினிமாக்களை வைத்தே போலீசை ஏமாற்றுகிற கதையை, நாங்கள் ஒரு வருடம் பேசினோம். அவன் செய்த தவறு எது என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றோம். குற்றக் கதை ரசிகனுக்கு அதுதான் ஆனந்தம். தான் அதைவிடக் கெட்டிக்காரன் என்று நிரூபிக்க வேண்டும்.

2024 பிப்ரவரி 23ம் தேதி அமேசான் பிரைமில் ‘போச்சர்’ வந்தது. திருட்டு வேட்டைக்காரன் என்று அர்த்தம். எட்டுப் பகுதிகள். இயக்கியவர் ரிச்சி மேத்தா. இதற்கு முன் அவர் எடுத்த ‘டெல்லி க்ரைம்’ 2020ல் சர்வதேச எம்மி விருதைப் பெற்றது. ‘போச்சர்’ மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற தொடர். எல்லையோரத்தில் வாழ்கிற எங்களுக்கு மலையாளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இந்திக்கு மட்டும் சேட்டனின் மகள் இருந்தாள், கல்லூரியில் படிக்கிறவள்.

கதை உண்மையில் நடந்தது. 2015ல் மலையாற்றூர் வனக்கோட்டத்தில், யானை வேட்டைக் கும்பலோடு சமையலுக்குப் போய்வந்த ஒருவர் தானாக வந்து வனத்துறை அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அதிலிருந்து நூல் பிடித்துப் போனால் திருவனந்தபுரம், டெல்லி, கொல்கத்தா என்று நீண்டது. டெல்லியில் மட்டும் நானூறு கிலோவுக்கு மேல் தந்தம் பிடிபட்டது. கைதானவர்கள் எழுபது பேருக்கு மேல். தொடரில் பெயர்களையும் சம்பவங்களையும் மாற்றியிருந்தார்கள். வனத்துறை ரேஞ்ச் ஆபீசர் மாலாவாக நிமிஷா சஜயன். தொலைபேசிப் பதிவுகளைக் கணினியில் துரத்தும் ஆலனாக ரோஷன் மேத்யூ. உடம்பில் நோயை வைத்துக்கொண்டு எல்லாரையும் முடுக்கும் நீல் பானர்ஜியாக திப்யேந்து பட்டாச்சார்யா. முதலில் வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அருக்குவாக சூரஜ் பாப்ஸ்.

எங்கள் வட்டத்தில் ஆறு பேர். டீக்கடை சேட்டன், அவர் மகள், ஜீப் ஓட்டும் தம்பி, வனத்துறையில் தற்காலிக வாட்சராக இருக்கும் ஓர் இளைஞர், அடுப்பைக் கவனிக்கும் ஸ்டோர் அண்ணன், நான். ஸ்டோர் அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. கம்பத்துப் பக்கத்துக் கிராமம். அதிகம் பேசமாட்டார். நாங்கள் பார்ப்போம், அவர் அடுப்பையும் கொஞ்சம் படத்தையும் பார்ப்பார்.

முதல் இரண்டு இரவுகள் வழக்கம்போல் தவறு பிடித்தோம். மேலிடத்து அனுமதி இத்தனை வேகமாகக் கிடைக்குமா என்றார் வாட்சர். காட்டு ரோட்டில் அந்த வேகத்தில் வண்டி போனால் ஆக்சில் என்ன ஆகும் என்று ஜீப் தம்பிக்குக் கவலை. சேட்டனின் மகள்தான் எங்கள் யாருக்கும் படாத ஒன்றைச் சொன்னாள். எந்தக் காட்சியானாலும் ஓரத்தில் ஒரு பிராணி இருக்கிறது. மனிதர்கள் ஓடுகிறார்கள், பேசுகிறார்கள், பொய் சொல்கிறார்கள். பறவையோ பூச்சியோ தெருநாயோ பார்த்துக்கொண்டிருக்கிறது. “சாட்சி” என்றாள். அதன்பிறகு சாட்சியைத் தேடுவதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

எல்லாருக்கும் யானைமேல் இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சின்னக்கானல் எங்கள் மாவட்டம்தான். வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29ம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பம் தெருவில் நடந்தது. ஜூன் 5ம் தேதி தமிழக வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அந்த நாட்களில் ஜீப்புகள் ஏறவில்லை. ஜீப் தம்பி அதை மறக்கவில்லை.

“யானை செத்தா எட்டு எபிசோடு எடுக்கறாங்க. யானை மிதிச்சுச் செத்தவனுக்கு எத்தனை எபிசோடு?” என்றார்.

யாரிடமும் பதில் இல்லை. வாட்சர் கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு பேரும் ஒரே காட்டுலதான் சாகறாங்க” என்றார். அது பதிலா என்று தெரியவில்லை.

மூன்றாம் இரவு வாட்சருக்கு டியூட்டி. நாங்கள் ஐந்து பேர்தான். தந்தத்தை எப்படி எடுப்பார்கள் என்று பேச்சு வந்தது. வாளால் அறுப்பார்கள் என்றார் சேட்டன். கோடாலி என்றார் ஜீப் தம்பி. நானும் எங்கோ படித்ததை வைத்து ஏதோ சொன்னேன். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த ஸ்டோர் அண்ணன் திரும்பாமலே சொன்னார்:

“அம்புட்டு அவசரப்பட மாட்டாங்க, கணக்குப்பிள்ளை. தந்தத்துல மூணுல ஒரு பங்கு மண்டைக்குள்ள இருக்கும். வெளிய அறுத்தா எடை போயிரும். சுட்டுட்டு நாலஞ்சு நாள் தள்ளிப் போயிருவாங்க. நாத்தம் எடுத்தப்புறம் தானா ஆடிக்கொடுக்கும்.”

ஜீப் தம்பி சிரித்தார். “என்ன பெரியப்பா, நேர்ல பார்த்த மாதிரி சொல்றீங்க?”

“பார்த்தேன்” என்றார்.

கைபேசியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. சேட்டனின் மகள் கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, வருடம் சரியாக நினைவில்லை என்றார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. தைலப்புல் அறுக்கிற வேலை, காட்டுக்குள்ளேயே தங்க வேண்டும், சமைக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஊர்க்காரர் ஒருவர் கூட்டிப் போனார். அரிசி, உப்பு, மிளகாய்த்தூள், கருவாடு. சுமந்துகொண்டு மூன்று நாள் நடை. இரண்டாம் நாளே புல் அறுக்கிற அரிவாள் யாரிடமும் இல்லை என்பதைப் பார்த்தார். கேட்கவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் சுமக்க ஆள் போதவில்லை என்று அவரையும் அந்த இடத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

“வாயில பாதி மென்ன மூங்கில் எலை அப்படியே இருந்துச்சு. மென்னு முடிக்கல.”

கூலியாக முந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். அப்போது தோட்டத்தில் நாள் கூலி இருபது ரூபாய்கூட இல்லை. தங்கைக்கு ஒரு தாவணியும் அம்மாவுக்கு மூக்குத்தியும் வாங்கினார். மறுபடி கூப்பிட்டபோது போகவில்லை. அவ்வளவுதான்.

அந்த வருடங்களில் எங்கள் மலைகளில் நடந்ததற்குக் கணக்கு இருக்கிறது. ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டுமே தந்தம். எனவே வேட்டைக்காரன் ஆணாகப் பார்த்துச் சுட்டான். 1980களின் இறுதியில் பெரியாறு காட்டில் வளர்ந்த பெண் யானை நூற்றுக்கு மேல் இருந்தால் வளர்ந்த ஆண் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது என்று ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். குட்டிகள் பிறப்பது குறைந்தது. 1972ல் வனவிலங்குச் சட்டம் வந்தாயிற்று. 1977ல் யானை அதன் முதல் அட்டவணைக்கும் போயாயிற்று. இந்தியத் தந்த வியாபாரத்துக்கே தடை வந்தது 1986ல். கடையில் விற்க முடியாமல் போன பொருள் கதவைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தது. இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மறுநாள் இரவு வாட்சர் வந்தார். கையில் பிஸ்கட் பாக்கெட். “நேத்து எங்க நிறுத்தினீங்க?” என்றார்.

சேட்டன் டம்ளரைக் கழுவினார். ஜீப் தம்பி வெளியே போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். சேட்டனின் மகள் என் முகத்தைப் பார்த்தாள். “நாலாம் எபிசோடுல” என்றேன் நான்.

பொய்யில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு விஷயத்தை மறைத்தோம். ஒருவரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொடரில் தெரிந்தும் சொல்லாதவர்களைப் பார்த்து மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஊரே வாயை மூடிக்கொண்டால் போலீஸ் என்ன செய்யும் என்று முதல் நாள் நியாயம் பேசியவன் நான்தான்.

அன்றிரவு பேச்சு அருக்குவைப் பற்றி. அவன் ஏன் போய்ச் சொன்னான்? கூட இருந்தவர்களைக் காட்டிக் கொடுத்தவன் என்றார் ஜீப் தம்பி. குரலில் முன்தினத்து வேகம் இல்லை. “குற்றபோதம்” என்றார் சேட்டன். அவன் இல்லாவிட்டால் கதையே இல்லை என்றாள் அவர் மகள். மாலாவின் அப்பாவும் வேட்டைக்காரர்தானே, அந்தப் பாரத்தைத்தானே அவள் இத்தனை வெறியோடு இறக்கி வைக்கப் பார்க்கிறாள், அருக்குவுக்கு மட்டும் அது இருக்கக்கூடாதா என்று கேட்டாள். வாட்சருக்கு ரொம்ப சந்தோஷம். இத்தனை நல்ல விவாதம் எங்கள் ஸ்டோரில் நடந்ததில்லை. அவருக்குத் தெரியாது, நாங்கள் அருக்குவைப் பற்றிப் பேசவில்லை என்று.

ஸ்டோர் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“போய்ச் சொன்னவனை என்ன பண்ணாங்க?”

“அவனையும் பிடிச்சு உள்ளதான் வெச்சாங்க, அண்ணே” என்றேன்.

“அதான” என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

தொடர் முடிந்தது. வழக்கமாக ஒரு தொடர் முடிந்தால் ஒரு வாரம் அதன் பிடியிலேயே இருப்போம். இந்த முறை யாரும் கடைசிப் பகுதியைப் பற்றிப் பேசவில்லை. டெல்லியில் தந்தத்தை வாங்கி அலமாரியில் அடுக்குகிறவர்களைத் திட்டினோம். அவர்களைத் திட்டுவது சுலபமாக இருந்தது. அவர்கள் வெகு தூரத்தில் இருந்தார்கள், எங்களைவிடப் பணக்காரர்கள்.

ஏப்ரலில் விஷுவுக்கு அம்மாவைப் பார்க்கப் பாலக்காட்டு ஆனைக்கரைக்குப் போனேன். காலையில் கண்ணை மூடவைத்துக் கனி காண அழைத்துப் போனாள். உருளி, கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், கண்ணாடி, நாணயங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் குங்குமச் சிமிழ். என் உள்ளங்கையில் அடங்குகிற அளவு. மூடியில் ஒரு தாமரை. பழுப்பேறிய வெள்ளை நிறம். முப்பத்தைந்து வருடங்களாகப் பார்த்துவரும் சிமிழ். அன்றுதான் பார்த்தேன்.

அப்பா 1988ல் வாங்கியது. அக்கா கல்யாணச் சமயம். பட்டாம்பியில் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தெரிந்த ஒருவர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். கடையில் விற்க வழியில்லை, அதனால் பாதி விலை என்றார். அப்பா பேரம் பேசி இன்னும் கொஞ்சம் குறைத்தார். அதை அவர் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் நேர்மைக்கு உதாரணம் வேண்டுமென்றால் அப்பாவைத்தான் சொல்வார்கள். ஆலைக் கணக்கில் ஒரு பைசா பிசகியதில்லை.

“இது எங்கேருந்து வந்ததுன்னு அப்பா கேட்டாராம்மா?” என்றேன்.

“எதுக்குக் கேக்கணும்? காசு குடுத்துத்தானே வாங்கினார். திருடினதா என்ன?”

“யானையைக் கொன்னு எடுத்ததும்மா.”

“அது கொன்னவனுக்குத்தான் பாவம்” என்றாள். பிறகு சிமிழை முந்தானையால் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “நாம வாங்கலேன்னா அவன் கொன்னிருக்க மாட்டானோ?” என்றாள். எண்பத்திரண்டு வயதில் அவளுக்குத் தொலைக்காட்சித் தொடர் எதுவும் தேவைப்படவில்லை. நான் எட்டுப் பகுதி பார்த்து வந்து சேர்ந்த இடத்துக்கு இரண்டு வாக்கியத்தில் வந்துவிட்டாள்.

புறப்படும்போது சிமிழை ஒரு கைக்குட்டையில் சுற்றி என் பையில் வைத்தாள். “நீ என்னவாவது செய். இனிமே இதுல குங்குமம் எடுக்க எனக்குக் கை வராது.”

என்ன செய்வது என்று விசாரித்தேன். வீட்டில் இத்தகைய பொருள் வைத்திருப்பவர்கள் தெரிவித்துவிட 2003ல் மத்திய அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. இருபது வருடம் தாண்டிவிட்டது. இனி கொண்டுபோய்க் கொடுத்தால் எப்படி வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்பாவின் பெயரை எழுத வேண்டும். அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆற்றில் போட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. தடயத்தை எப்படி அழிப்பது என்று ‘த்ரிஷ்யம்’ பார்த்து நாங்கள் ஒரு வருடம் பேசியிருக்கிறோமே.

காய்ப் பருவம் மறுபடி தொடங்கியபோது ஓர் இரவு ஸ்டோருக்கு அதை எடுத்துப் போனேன். ஸ்டோர் அண்ணன் மட்டும் இருந்தார். வாங்கி அடுப்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் வைத்து எடை பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?” என்றார்.

“எங்கப்பா எண்பத்தெட்டுல வாங்கினது, அண்ணே.”

அவர் மனதுக்குள் வருடம் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. “இது அதுவா இருக்காது” என்றார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகவா என்று தெரியவில்லை. அந்த யானையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏதோ ஓர் யானை. அரிசி சுமந்தது ஏதோ ஓர் ஆள். பேரம் பேசியது ஏதோ ஒரு கணக்குப்பிள்ளை.

கைக்குட்டையில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். விறகைத் தள்ளினார். பிறகு கேட்டார்:

“எப்ப கொண்டுபோய்க் கொடுக்கப் போறீங்க? நாள் பார்த்துச் சொல்லுங்க. நானும் கூட வர்றேன்.”

2025 ஜூனில் ‘கேரளா க்ரைம் ஃபைல்ஸ்’ இரண்டாம் பகுதி வந்தது. வட்டம் மறுபடி கூடியது. போலீஸ்காரர் ஒருவரே காணாமல் போகிற கதை. வாட்சர் முதல் இரவே குற்றவாளி இன்னார் என்று பந்தயம் கட்டினார். சேட்டன் வழக்கம்போல் கட்சி மாறினார். எல்லாரும் தவறு பிடித்தார்கள். நானும் பிடித்தேன். ஸ்டோர் அண்ணன் அடுப்பையும் கொஞ்சம் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே என் பக்கம் திரும்பினார்.

இன்னும் நான் நாள் சொல்லவில்லை.